ஐந்தாம் நம்பர் மிஷின்

6 மே 2013, திங்கள்

இந்த நோட்டு தையல் அளவுகள் எழுதுவதற்காக டீச்சர் கொடுத்தது. முன்பக்கத்திலிருந்து அளவு எழுதுவேன். பின்பக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன். யாராவது எடுத்தாலும் முன்பக்கத்தைத்தான் திறப்பார்கள்.

கோடைத் தையல் முகாம் இன்று ஆரம்பம். ரயில்வே கேட்டுக்குத் தெற்கே சமுதாயக்கூடத்தில் நடக்கிறது. இருபத்து நாலு பிள்ளைகள், எட்டு மிஷின். எல்லாமே காலால் மிதிக்கிறவை. கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத ஊரில் மோட்டார் வைத்து என்ன பிரயோஜனம் என்றார் ஹெப்சிபா டீச்சர். மிஷினுக்கு மூன்று பேர் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார். எனக்கு ஐந்தாம் நம்பர்.

என்னோடு இரண்டு பேர். ஒருத்தி ரஹ்மத் நிஷா, பள்ளிவாசல் தெரு. என்னைப் போலவே எட்டாவது முடித்தவள், ஆனால் வேறு பள்ளிக்கூடம். இன்னொருத்தி மாடத்தி. ஊருக்கு வெளியே பிள்ளைகள் இல்லத்தில் தங்கிப் படிக்கிறாள். அவளுடைய அம்மாவும் அப்பாவும் செங்கல் சூளையில் வேலை பார்க்கிறார்கள். லீவுக்கு இல்லத்தைப் பூட்டிவிடுவார்களாம். முகாமில் சேர்ந்த பிள்ளைகளுக்காக மட்டும் இந்த வருடம் திறந்து வைத்திருக்கிறார்கள்.

உலகம்மாள் என்று என் பெயரைச் சொன்னதும் ரஹ்மத் சிரித்துவிட்டாள். உலகத்துக்கே அம்மாவா என்று கேட்டாள். உலகு என்று கூப்பிடச் சொன்னேன்.

கடைசி நாளில் யார் நன்றாகத் தைக்கிறாளோ அவளுக்குப் புது மிஷின் பரிசு. அம்மாவிடம் சொன்னேன். அம்மா நைட்டி கம்பெனியில் தைக்கிறாள். அங்கே சூப்பர்வைசர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "ஏய் ஏழு" என்றுதான் கூப்பிடுவான். அம்மாதான் ஏழு. வீட்டில் ஒரு மிஷின் இருந்தால் அங்கே போக வேண்டியதில்லை. "உனக்குத்தான் ஓரளவு தைக்கத் தெரியுமே, வாங்கிருவ" என்றாள்.

8 மே, புதன்

நூல் இல்லாமல் தாளில் தைத்தோம். பென்சில் கோட்டின் மேலேயே ஊசி குத்திக்கொண்டு போக வேண்டும். மாடத்தி மிதித்தால் மிஷின் பின்பக்கமாகவே ஓடியது. ரஹ்மத் கீழே உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்து, இப்ப அழுத்து, இப்ப விடு என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தாள். மத்தியானத்துக்குள் மாடத்திக்குப் பிடிபட்டுவிட்டது. வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டே மிதிக்கிறாள். அதிகம் பேசமாட்டாள்.

மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். ரஹ்மத்தின் உம்மா கொடுத்துவிட்ட மீன் குழம்பு. இல்லத்துத் தக்காளிச் சோறு. என்னுடைய தயிர் சோற்றை யாரும் தொடவில்லை. நானும் தொடவில்லை.

9 மே, வியாழன்

ஒருவருக்கொருவர் அளவெடுத்தோம். மாடத்தியின் இடுப்பில் டேப்பைச் சுற்றினால் கூச்சத்தில் நெளிகிறாள். மூன்று தடவை எடுத்து மூன்றும் வேறு வேறு அளவு. ரஹ்மத் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தாள். அப்போதுதான் மாடத்தி முதல் தடவையாகச் சத்தமாகச் சிரித்தாள். டீச்சர் திரும்பிப் பார்த்து என்னைத் திட்டினார். நான் சிரிக்கவே இல்லை. ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது.

10 மே, வெள்ளி

தலையணை உறை. எல்லோரும் தைத்து முடித்ததும் டீச்சர் ரஹ்மத்துடையதை மட்டும் எடுத்துக் கம்பியில் தொங்கவிட்டார். ஓரம் அடித்தால் இப்படி அடிக்க வேண்டும் என்றார்.

என்னுடையதும் நேராகத்தான் இருந்தது. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் சுருக்கம்.

ரஹ்மத் வீட்டில் மிஷின் இருக்கிறது. அவளே சொன்னாள். ராத்திரிச் சாப்பாடு ஆனதும் உம்மாவோடு உட்கார்ந்து தைத்துப் பார்ப்பாளாம். நான் எங்கே போய்ப் பழகுவது? ஏற்கெனவே மிஷின் இருக்கிறவளுக்கு இன்னொன்று எதற்கு?

எனக்கு ஒன்றும் இல்லை. சும்மா எழுதுகிறேன்.

11 மே, சனி

பாவாடைக்குத் துணி வெட்டினோம். என் கத்தரியை ரஹ்மத்துக்குக் கொடுக்கவில்லை. மொக்கையாக இருக்கிறது என்று சொன்னேன். மாடத்தி என் முகத்தையே பார்த்தாள்.

13 மே, திங்கள்

ரஹ்மத்துக்கு அடிபட்டுவிட்டது. இன்று எழுத முடியாது.

14 மே, செவ்வாய்

நேற்று நடந்தது இதுதான்.

ஊசியில் நூல் கோத்து ஒரு சாண் நேர்த்தையல் அடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று டீச்சர் கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொருத்திக்கும் எழுதிக்கொண்டு வந்தார். பரிசுக்கு அதுவும் கணக்கு. எங்கள் மிஷினில் முதலில் நான். ஐம்பத்தொரு விநாடி. அதுவரை அதுதான் கூடத்திலேயே குறைவு. அடுத்தது மாடத்தி. அவள் நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள். அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் முன்பே டீச்சர் "அடுத்து, ஸ்டார்ட்" என்று சொல்லிவிட்டார். ரஹ்மத் இடது பக்கம் நின்றபடியே குனிந்து கோக்க ஆரம்பித்தாள். கரண்டு இல்லை. ஜன்னல் வெளிச்சம்தான்.

நூல் ஊசிக்காதில் நுழைந்துவிட்டது. அந்தப் பக்கம் வந்த நுனியைப் பிடிப்பதற்காக விரலை ஊசிக்குக் கீழே கொண்டுபோனாள். ஊசி இறங்கியது. நகத்தின் வழியாகவே இறங்கி உள்ளே உடைந்துவிட்டது. அவள் கத்தவில்லை. "உம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு விரலையே பார்த்தாள்.

நாலாம் மிஷினில் இருந்த பிள்ளை, பெடல் ஆடியதைப் பார்த்தேன் என்று டீச்சரிடம் சொன்னது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தது மாடத்தி. எதுக்கு மிதிச்ச என்று டீச்சர் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். "நான் மிதிக்கல டீச்சர்" என்றாள் மாடத்தி. ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

நான் வலது பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

ரஹ்மத்தை ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எக்ஸ்ரே எடுத்து, விரலைக் கீறி ஊசித் துண்டை எடுத்தார்களாம்.

15 மே, புதன்

கால் மிஷினில் பெடலை மிதித்தால் பெல்ட் வழியாக மேலே இருக்கிற சிறு சக்கரம் சுற்றும். மேல் சக்கரத்தைக் கையால் சுற்றினாலும் கீழே பெடல் தானாக ஆடும். இதை யாரும் டீச்சரிடம் சொல்லவில்லை. டீச்சருக்கே தெரிந்திருக்கும். அந்த அவசரத்தில் நினைவு வராமல் இருந்திருக்கும்.

மாடத்தி இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று டீச்சர் கேட்டார். 

ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தேன். சீனி இல்லை.

16 மே, வியாழன்

ஐந்தாம் நம்பர் மிஷினில் நான் மட்டும். எனக்கு முன்னால் யாரும் இல்லை, பின்னால் யாரும் காத்திருக்கவில்லை. பாவாடைக்குக் கொசுவம் வைத்து முடித்துவிட்டேன். டீச்சர் அதைக் கம்பியில் தொங்கவிட்டார். ரஹ்மத்தின் தலையணை உறையை எடுத்து மடித்து வைத்துவிட்டு அந்த இடத்தில் தொங்கவிட்டார்.

அம்மா சந்தோஷப்பட்டாள். மிஷினை ஜன்னல் பக்கம் போடலாமா, கதவுப் பக்கமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். நான் சாப்பிடவில்லை.

19 மே, ஞாயிறு

அம்மா என்னை ரஹ்மத் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கூடப் படிக்கிற பிள்ளை, போய்ப் பார்க்காவிட்டால் தப்பு என்றாள்.

ரஹ்மத்தின் கையில் மணிக்கட்டு வரை கட்டு. சீழ் வைத்துவிட்டதாம், மறுபடியும் கீறியிருக்கிறார்கள். விரல் நுனியில் இனி உணர்வு வருமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. அதை அவளுடைய உம்மா எங்கள் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் குரல் எனக்குக் கேட்டது. அந்த இல்லத்துப் பிள்ளையைத்தான் ஏசினார். இரண்டு பேரும் காப்பி போட உள்ளே போனார்கள்.

ரஹ்மத் மாடத்தி வருகிறாளா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஏன் என்றாள். சொன்னேன். எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அவ மிதிக்கல. எனக்கு இடம் விடுததுக்காக ரெண்டு காலையும் தூக்கி நாற்காலிக் கம்பில வச்சிருந்தா. குனியும்போது நான் பாத்தேன்."

நான் கதவுப் பக்கம் பார்த்தேன்.

"நீ பக்கத்துலதான நின்ன. நீயும் பாத்திருப்ப."

"கவனிக்கல."

ரஹ்மத் என்னையே பார்த்தாள். ரொம்ப நேரம். பிறகு, டீச்சரிடம் போய் மாடத்தி மிதிக்கவில்லை என்று சொல்லச் சொன்னாள். தான் வந்து சொல்ல இன்னும் ஒரு வாரம் ஆகும், உம்மா வெளியே விடமாட்டார், அதற்குள் நீ சொல்லு என்றாள். சரி என்றேன். வேறு யார் செய்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்பாள் என்று எதிர்பார்த்து வாசல் வரைக்கும் முதுகு விறைத்துப்போய் நடந்தேன்.

20 மே, திங்கள்

டீச்சருக்குத் தலைவலி. நாளைக்குச் சொல்வேன்.

21 மே, செவ்வாய்

டீச்சர் இன்று நன்றாகத்தான் இருந்தார். இரண்டு தடவை அவர் மேசை வரைக்கும் போனேன். ஒரு தடவை சாக்கட்டி கேட்டு வாங்கினேன். இன்னொரு தடவை, என்ன வேண்டும் என்றார். ஒன்றும் இல்லை என்றேன்.

22 மே, புதன்

மாடத்தியை அழைத்துப்போக அவள் அப்பா வெள்ளிக்கிழமை வருகிறாராம். முகாமில் இல்லாத பிள்ளையை இல்லத்தில் வைத்துக்கொள்ள விதி இல்லையாம். அங்கிருந்து வருகிற இன்னொரு பிள்ளை சொன்னது. சூளைக்குப் போனால் திரும்பி வருவாளா என்று கேட்டேன். போன வருடம் இப்படி லீவுக்குப் போன இரண்டு பேர் வரவே இல்லை, அங்கேயே கல் அறுக்கிறார்கள் என்றது.

சட்டைக்குக் கழுத்து வெட்டும்போது தவறாக வெட்டிவிட்டேன். டீச்சர் வேறு துணி கொடுத்தார். உன்கிட்ட இப்படி எதிர்பார்க்கல என்றார்.

23 மே, வியாழன்

முகாம் முடிந்ததும் இல்லத்துக்கு நடந்தே போனேன். வெயில் தார் ரோட்டை இளக்கிவிட்டது, செருப்பு ஒட்டுகிறது. அங்கே போய்ச் சேர நாலு மணி ஆனது. மாடத்தி குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு எடுத்துப்போக இரண்டு பாவாடை, ஒரு சட்டை, பள்ளிக்கூட யூனிஃபார்ம். யூனிஃபார்ம் எதற்கு எடுத்துப் போகிறாய் என்று கேட்டேன். அவள் பிழிந்து உதறினாள்.

ரஹ்மத் அவள்மேல் கோபமாக இல்லை, அவள் மிதிக்கவில்லை என்று ரஹ்மத்துக்குத் தெரியும் என்று சொன்னேன். மாடத்தி தலையாட்டினாள். துணியின் ஒரு முனையைப் பிடித்தேன். இன்னொரு முனையை அவள் முறுக்கினாள். அப்போதுதான் அவள் சொன்னாள்.

"உன் கைய நான் பாத்தேன்."

தண்ணீர் என் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவன்னு நெனச்சேன். அன்னைக்கே சொல்லுவன்னு நெனச்சேன். மறுநா சொல்லுவன்னு நெனச்சேன். பெறவு நெனைக்குதத விட்டுட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அளவு சொல்வது மாதிரிதான் சொன்னாள். முறுக்கிய பாவாடையை என் கையிலிருந்து வாங்கிக் கொடியில் போட்டாள். இல்லத்து அக்கா கூப்பிட்டார், போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வெயிலில் ஏன் நடந்தாய் என்று மோர் கொடுத்தாள்.

24 மே, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

ஒன்பதரைக்கு டீச்சர் வருகைப் பதிவு எடுக்கும்போதே எழுந்து நின்றேன். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் மறுபடியும் எழுந்திருக்கமாட்டேன் என்று தெரியும். எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"டீச்சர், மாடத்தி மிதிக்கல. நான்தான் மேல் சக்கரத்தைத் திருப்பினேன்."

டீச்சர் பேனாவை மூடினார். திறந்தார். பதினோரு நாளா என்னட்டி பண்ணிக்கிட்டிருந்த என்று கேட்டார். தெரியாமல் கை பட்டுவிட்டது என்றேன். அவர் வேறு எதையும் கேட்கவில்லை. மாடத்தியின் அப்பா எத்தனை மணி பஸ்ஸுக்குப் போகிறார் என்று மட்டும் இல்லத்துப் பிள்ளையிடம் கேட்டார். பத்தரை என்றது.

டீச்சரின் ஸ்கூட்டியில் என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி. எத்தனை பெட்டி என்று எண்ண ஆரம்பித்து நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். டீச்சர் இல்லத்துக்குப் போன் போட்டார். அவர்கள் கிளம்பி அரை மணி நேரம் ஆகிவிட்டது என்றார்கள். வண்டியில் உட்கார்ந்தபடியே டீச்சர் திரும்பாமல் சொன்னார், "நானும் அந்தப் பிள்ளைய ஒரு வார்த்தை ஒழுங்காக் கேட்கல." என்னிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் பஸ் நின்றுகொண்டிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மாடத்தி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், மடியில் துணிப்பை. அவள் அப்பா கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனுஷர். விரல் இடுக்கிலெல்லாம் செம்மண். டீச்சர் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். தப்பு எங்களுடையது, பிள்ளையை விட்டுவிட்டுப் போங்கள் என்றார். அவர் டீச்சரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"மேஸ்திரிட்ட ஆள் கூட்டியாரேன்னு சொல்லிட்டனே தாயி" என்று டீச்சரிடம் சொன்னார். கண்டக்டர் விசில் கொடுத்தார். அவர் கிளாஸை வைத்துவிட்டுப் படியில் ஒரு காலை வைத்தார். பிறகு திரும்பி, "பிள்ள நல்லா தைக்காளா?" என்று கேட்டார்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். அவர் மாடத்தியைக் கவனித்ததே இல்லை. நான்தான் சொன்னேன்.

"கோடு மாறாம தைப்பா. முத நா பின்னாலயே ஓட்டினா, அன்னைக்கு மத்தியானமே படிச்சிட்டா. எங்க மூணு பேர்ல அவதான் சீக்கிரம் படிச்சா."

பொய் இல்லை. அதுவரை அதை நானே நினைத்துப் பார்த்ததில்லை.

அவர் ஜன்னலைத் தட்டினார். இறங்கு என்று கையைக் காட்டினார். மாடத்தி பையோடு இறங்குவதற்குள் பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. அவர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். மகளிடம் ஒரு வார்த்தை பேச நேரம் இல்லை.

மாடத்தி பஸ் போன திசையில் ரொம்ப நேரம் நின்றாள். அழுதாளா என்று தெரியவில்லை. என் பக்கம் திரும்பவில்லை. ஸ்கூட்டியில் இரண்டு பேருக்குத்தான் இடம். அவர்கள் போனார்கள். நான் நடந்தேன்.

25 மே, சனி

டீச்சர் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டார். பரிசுப் பட்டியலில் என் பெயர் இல்லை. மிஷினிலும் உட்காரக் கூடாது. வந்து துணி வெட்டலாம், நூல் பொறுக்கலாம்.

டீச்சர் போனபிறகு அம்மா கம்பெனிக்குக் கிளம்பாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சக்கரத்தத் திருப்பும்போது அவ விரல் அங்கன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

அம்மா எழுந்து தலையை வாரிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

தெரியும்.

டீச்சர் பன்னிரண்டு, பதின்மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தார். நூல் கோத்தாகிவிட்டது. என் ஐம்பத்தொன்று போகப்போகிறது. சக்கரத்தைக் கொஞ்சம் அசைத்தால் நூல் உருவிக்கொள்ளும், மறுபடியும் கோக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். ஆனால் விரலைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் திருப்பினேன். இதை எழுதாமலேயே இந்த நோட்டை முடித்துவிடலாம் என்று இருந்தேன்.

27 மே, திங்கள்

ரஹ்மத் வந்தாள். கை இன்னும் கட்டோடுதான். தைக்க முடியாது, ஆனாலும் வந்தாள். மாடத்தி அவளுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். இரண்டு பேரும் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். நான் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் பக்கத்தில் போய் நின்றேன். கை தெரியாமல் பட்டுவிட்டதாக டீச்சரிடம் சொன்னது பொய் என்று சொன்னேன். விரலைப் பார்த்தேன், பார்த்தபிறகும் திருப்பினேன் என்றேன். ஏன் என்று ரஹ்மத் கேட்டாள். அவள் என்னைவிட நன்றாகத் தைக்கிறாள், அவள் வீட்டில் மிஷினும் இருக்கிறது, எங்கள் வீட்டில் இல்லை என்றேன். சத்தமாகச் சொன்னபோது அது எவ்வளவு சின்னக் காரணமாக இருந்தது.

ரஹ்மத் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டாள். மாடத்தி அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சாப்பிடவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள். நான் வாசற்படியில் போய் உட்கார்ந்தேன்.

28 மே, செவ்வாய்

பேசவில்லை.

29 மே, புதன்

பேசவில்லை. மாடத்தி மட்டும் கத்தரி கேட்டாள். கொடுத்தேன்.

31 மே, வெள்ளி

கடைசி நாள். இரண்டாம் மிஷின் பிள்ளைக்குப் பரிசு. நியாயமான பரிசு, அவளுடைய சட்டைக் காலர் அப்படியே கடையில் வாங்கினது மாதிரி இருந்தது. மாடத்தி ஒரு ஃபிராக் தைத்து முடித்திருந்தாள். ரஹ்மத் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லிக்கொடுத்து, அவள் தைத்தது. டீச்சர் அதைக் கையில் எடுத்து உள்பக்கம் திருப்பி ஒவ்வொரு தையலாகப் பார்த்தார். பிறகு அடுத்த வருடமும் வருவாயா என்று மாடத்தியிடம் கேட்டார்.

எனக்குச் சான்றிதழ் இல்லை. எல்லோரும் போட்டோவுக்கு நிற்கும்போது நான் கேட்டுக்கு வெளியே வந்து நின்றேன். அம்மா கம்பெனியிலிருந்து வருகிற வரைக்கும் வீட்டுச் சாவி கிடைக்காது.

ரஹ்மத் வெளியே வந்தாள். பின்னாலேயே மாடத்தி. ரஹ்மத் என்னிடமிருந்து ஒரு அடி தள்ளி நின்றாள்.

"எனக்குக் கோவம் இருக்கு. போகல. எப்பப் போகும்னும் தெரியல."

"சரி" என்றேன்.

"எங்க உம்மா இன்னும் மாடத்தியத்தான் ஏசிட்டு இருக்காவ. நான் உன் பேரச் சொல்லல. நீயே வந்து சொல்லணும். கை தெரியாம பட்டதுன்னு சொல்லக் கூடாது. எங்கிட்ட சொன்னபடியே சொல்லணும்."

சொன்னால் என்னை மறுபடியும் அந்த வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்றேன்.

"விடமாட்டாவதான்" என்றாள் ரஹ்மத். "ஞாயித்துக்கெழம வா."

2 ஜூன், ஞாயிறு

மாடத்தியும் வந்தாள். வர வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை.

ரஹ்மத்தின் உம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மாடத்தியைப் பார்த்ததும் முகம் மாறியது. நான் நின்றுகொண்டே சொன்னேன். விரலைப் பார்த்தேன் என்கிற இடத்தில் நிறுத்திவிட்டேன். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். ரஹ்மத் உதவிக்கு வரவில்லை. சுவரைப் பார்த்து நின்றாள்.

உம்மா முறத்தைக் கீழே வைத்தார். மாடத்தியைப் பக்கத்தில் கூப்பிட்டு அவள் தலையில் கை வைத்தார். "உன்ன எம்புட்டு ஏசிட்டேன்" என்றார். அழுதார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"தெரியாம பட்டதுன்னு நீ சொல்லிருந்தா நான் அன்னைக்கே மறந்திருப்பேன். நீ தெரிஞ்சி செஞ்சிருக்க. என் பிள்ளைக்கு அந்த விரல் நுனியில சூடு தெரியல, குளிர் தெரியல. இனி இந்த வாசல மிதிக்காத."

தெருமுனை வரைக்கும் தனியாக நடந்தேன். அங்கே திரும்பிப் பார்த்தால் இரண்டு பேரும் வந்துகொண்டிருந்தார்கள். ரஹ்மத் தலையில் துப்பட்டாவைச் சரிசெய்தபடி வேகமாக நடந்து வந்தாள். மூன்று பேரும் இல்லத்து ரோடு வரைக்கும் நடந்தோம். மாடத்தி நடுவில்.

இல்லத்துக் கேட்டில் ரஹ்மத், ஞாயிற்றுக்கிழமை வெளியாட்கள் வந்து பார்க்கலாமா என்று அங்கே இருந்த அக்காவிடம் கேட்டாள். மூன்றிலிருந்து ஐந்து என்றார். அடுத்த வாரம் வருகிறோம் என்றாள். வருகிறோம் என்றுதான் சொன்னாள். நான் காதில் சரியாகக் கேட்டேனா என்று மாடத்தியைப் பார்த்தேன். மாடத்தி தலையாட்டினாள்.

9 ஜூன், ஞாயிறு

மூன்றிலிருந்து ஐந்து வரை. நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. மாடத்தியின் யூனிஃபார்மில் கீழ் மடிப்பைப் பிரித்து நீளமாக்கினோம், ஒரு வருடத்தில் அவ்வளவு வளர்ந்துவிட்டாள். கையாலேயே தைத்தோம். ரஹ்மத் என்னிடம் "நூல கொஞ்சம் நீட்டமா வெட்டு" என்றாள். இரண்டு வாரத்தில் அவளாகப் பேசிய முதல் சாதாரண வார்த்தை. நீட்டமாக வெட்டினேன். ரொம்ப நீளமாகப் போய்விட்டது, சிக்கிக்கொண்டது. திட்டினாள்.

அம்மா இன்னும் கம்பெனிக்குத்தான் போகிறாள். நேற்று அவளிடமும் உண்மையைச் சொன்னேன். தெரியும் என்றாள்.

26 ஜூன் 2017, திங்கள்

இந்த நோட்டில் நாலு பக்கம் மிச்சம் இருந்தது. இத்தனை வருடமாக அதில் எழுதத் தோன்றவில்லை.

நான் கல்லூரியில் சேர இரண்டு நாள் இருக்கிறது. மாடத்தி தென்காசியில் நர்சிங் சேருகிறாள். பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் அதே இல்லத்தில் இருந்துதான் படித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பரீட்சைக்கும் காய்ச்சலுக்கும் தவிர நாங்கள் தப்பவிட்டதில்லை. சண்டை போடாமலும் இருந்ததில்லை. பத்தாவதில் ஒரு மாதம் நானும் ரஹ்மத்தும் பேசாமல், மாடத்திக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து அவள் வழியாகவே பேசிக்கொண்டோம். கோபம் எப்போது போனது என்று ரஹ்மத்துக்கே தெரியவில்லை. போய்விட்டதா என்று நான் கேட்டதும் இல்லை.

அவள் வீட்டு வாசலை மட்டும் நான் மிதித்ததில்லை. பெருநாளுக்குப் பெருநாள் ரஹ்மத் தூக்குச்சட்டியில் பிரியாணி எடுத்துக்கொண்டு இல்லத்துக்கு வருவாள். அங்கேதான் சாப்பிடுவோம்.

இன்று நோன்புப் பெருநாள். மத்தியானம் ரஹ்மத் வெறும் கையோடு இல்லத்துக்கு வந்தாள். புதுச் சுடிதார், அவளே தைத்தது. வந்ததும் வாசலிலேயே நின்றாள்.

"உம்மா ரெண்டு பேரையும் வீட்டுக்கு வரச் சொன்னாவ."

ரெண்டு பேரையுமா என்று மாடத்தி கேட்டாள். பெயர் சொல்லித்தான் சொன்னார் என்றாள் ரஹ்மத். அவளுக்கும் நம்பிக்கை இல்லாதது மாதிரிதான் இருந்தது. வழியெல்லாம், உம்மாவிடம் என்ன பேசுவது என்று நான் மனசுக்குள் நாலைந்து வாக்கியம் சேர்த்து வைத்தேன். தெருவுக்குள் நுழைந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

உம்மா கதவைத் திறந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. மாடத்தியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார், நர்சம்மா வந்துட்டாளா என்றார். ரஹ்மத்தும் உள்ளே போனாள். நான் படிக்குக் கீழேயே நின்றேன். உள்ளேயிருந்து தட்டுகள் வைக்கும் சத்தம் கேட்டது. யாரோ சின்னப் பிள்ளை சிரித்தது. கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது.

உம்மா மறுபடியும் வாசலுக்கு வந்தார். கையில் கரண்டி. என்னை மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தார்.

"நீ ஏன்ட்டி வெளியில நிக்க?" என்றார்.

செருப்பைக் கழற்றினேன்.